வரைபடத்தில் இல்லாத மலை: கடலடியை அளந்த கதை

2005 ஜனவரி 8. பசிபிக் கடலில் குவாம் தீவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 675 கி.மீ. தொலைவு. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான 'சான் பிரான்சிஸ்கோ' சுமார் 160 மீட்டர் ஆழத்தில் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. வழிகாட்டிய வரைபடத்தின்படி அங்கே ஆழ்கடலைத் தவிர வேறெதுவும் இல்லை. திடீரென்று கப்பல் எதன்மீதோ மோதியது. முன்பக்கம் நொறுங்கியது. ஒரு மாலுமி உயிரிழந்தார். கிட்டத்தட்ட நூறு பேர் காயமடைந்தார்கள்.

கப்பல் மோதியது ஒரு மலையின்மீது. கடலுக்கடியில் பல லட்சம் ஆண்டுகளாக அசையாமல் நின்ற மலை, அந்த வரைபடத்தில் மட்டும் இல்லை!

நிலாவில் மனிதன் கால் வைத்து 35 ஆண்டுகள் கழித்து, அணு உலையைச் சுமந்து செல்லும் ஒரு கப்பலுக்கு எதிரே இருக்கும் மலை தெரியாமல் போனது எப்படி? இதற்கு விடை வேண்டுமென்றால் மனிதன் கடலின் ஆழத்தை அளந்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

கயிறும் ஈயக்குண்டும்

கடல் ஆழத்தை அளக்க மனிதனிடம் இருந்த முதல் கருவி மிக எளிமையானது. ஒரு நீளமான கயிறு, அதன் நுனியில் ஒரு ஈயக்குண்டு. அவ்வளவுதான். குண்டு தரையைத் தொட்டதும் கயிறு தளரும். எவ்வளவு கயிறு உள்ளே போனதோ அதுதான் ஆழம். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் 2400 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். எகிப்துக் கரையிலிருந்து ஒருநாள் பயணத் தொலைவில் குண்டை இறக்கினால் 11 பாகம் ஆழத்தில் நைல் நதியின் சேறு ஒட்டிக்கொண்டு வருமாம்.

'பாகம்' என்றதும் கடலோரத்து நண்பர்களுக்குப் புரிந்திருக்கும். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம்தான் ஒரு பாகம். தமிழ்நாட்டு மீனவர்கள் கடலின் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார்கள். ஆங்கிலேயர்களின் 'ஃபாதம்' என்ற அளவும் இதே கைவிரிப்பில் பிறந்ததுதான். ஒரு ஃபாதம் என்பது 6 அடி. கயிற்றை இழுத்து இழுத்துக் கைகளால் அளந்த எல்லா ஊரிலும் ஒரே மாதிரியான அளவு பிறந்திருக்கிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் படகோட்டிகள் இரண்டு ஃபாதம் ஆழம் இருந்தால் 'மார்க் ட்வைன்' என்று குரல் கொடுப்பார்கள். படகு பயமில்லாமல் போகலாம் என்று அர்த்தம். அந்த ஆற்றில் படகோட்டியாக இருந்த சாமுவேல் க்ளெமென்ஸ் பிறகு எழுத்தாளரானபோது அதையே தன் புனைபெயராக வைத்துக்கொண்டார்!

குண்டின் அடியில் ஒரு சின்னக் குழி இருக்கும். அதில் கொழுப்பைத் தடவி இறக்கினால் மணலோ சேறோ சிப்பியோ ஒட்டிக்கொண்டு மேலே வரும். அனுபவம் வாய்ந்த மாலுமிகள் மூடுபனியிலும் அந்த மண்ணைப் பார்த்தே தாங்கள் எந்தக் கரையை நெருங்குகிறோம் என்று ஊகித்துவிடுவார்கள்.

வணிகமும் போரும் கடல் தாண்டிப் போனபோது அரசுகள் இந்த வேலையைக் கையில் எடுத்தன. 1720இல் பிரான்சும் 1795இல் பிரிட்டனும் கடல் வரைபட அலுவலகங்களை அமைத்தன. பிரிட்டிஷ் கடற்படையின் முதல் கடல் வரைபட அதிகாரி அலெக்சாண்டர் டால்ரிம்பிள், பதின்ம வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். கல்கத்தாவில் இந்தியாவுக்கான கடல் அளவைத் துறை 1874இல் தொடங்கப்பட்டது.

ஆனால் கயிற்றுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது ஒரே ஒரு புள்ளியின் ஆழத்தை மட்டும்தான் சொல்லும். அடுத்த புள்ளி நூறு மீட்டர் தள்ளியோ ஆயிரம் மீட்டர் தள்ளியோ இருக்கும். நடுவில் ஒரு கூரிய பாறை நின்றால் யாருக்கும் தெரியாது. வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாக இருக்கும். பார்ப்பவர் அதை 'ஆபத்தில்லை' என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் அதன் பொருள் 'அளக்கவில்லை' என்பதுதான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் எத்தனையோ கப்பல்கள் மூழ்கியிருக்கின்றன.

தந்திக் கம்பிக்காக ஒரு சமவெளி

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆழ்கடலைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கப்பல் தட்டாத ஆழம் என்றால் போதும், அதற்குக் கீழே என்ன இருந்தால் என்ன? இந்த எண்ணத்தை மாற்றியது தந்தி. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இணைக்கக் கடலுக்கடியில் கம்பி போட வேண்டுமென்றால் அடித்தரை எப்படி இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டுமே!

அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாத்யூ ஃபான்டேன் மோரி 1850களில் வட அட்லாண்டிக்கின் ஆழ வரைபடத்தைத் தயாரித்தார். அவரிடம் பணியாற்றிய ஜான் ப்ரூக் ஒரு நல்ல கருவியை உருவாக்கியிருந்தார். அதில் பீரங்கிக் குண்டுதான் எடை. தரையைத் தொட்டதும் குண்டு கழன்று அங்கேயே விழுந்துவிடும். மண் ஒட்டிய கம்பி மட்டும் மேலே வரும். கிடைத்த சில அளவுகளை வைத்து, அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே கம்பி போடுவதற்கென்றே அமைந்ததுபோல ஒரு பீடபூமி இருப்பதாக மோரி எழுதினார். 'தந்திப் பீடபூமி' என்றே அதற்குப் பெயரும் வந்தது. உண்மையில் அந்தப் பாதையின் குறுக்கே ஒரு மாபெரும் மலைத்தொடர் ஓடுகிறது. அளந்த புள்ளிகள் சரிதான். புள்ளிகளை இணைத்த கோடுதான் தவறு.

1872இல் பிரிட்டனிலிருந்து கிளம்பிய 'சேலஞ்சர்' கப்பல் மூன்றரை ஆண்டுகள் உலகக் கடல்களைச் சுற்றியது. ஏறத்தாழ 1,27,000 கி.மீ. பயணம். கடல் ஆய்வு என்ற அறிவியல் துறையே இந்தப் பயணத்தில்தான் பிறந்தது என்பார்கள். 1875 மார்ச்சில் மேற்குப் பசிபிக்கில் இறக்கிய கயிறு 4,475 ஃபாதம், அதாவது 8 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்தைக் காட்டியது. இன்று மரியானா அகழி என்று அழைக்கப்படும் இடம் அது.

இத்தனை பெரிய பயணத்தில் ஆழ்கடலை எத்தனை முறை அளந்தார்கள் தெரியுமா? 492 முறை. சராசரியாக 260 கி.மீ.க்கு ஒரு புள்ளி! சென்னையில் ஒருமுறையும் மதுரையில் ஒருமுறையும் நடுவழியில் ஒருமுறையும் உயரத்தை அளந்துவிட்டுத் தமிழ்நாட்டின் மலைகளை வரையச் சொன்னால் எப்படி இருக்கும்? ஏற்காடும் கொல்லிமலையும் அந்த வரைபடத்தில் வருமா?

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆழ்கடலில் கயிற்றை இறக்கி ஏற்றுவதற்கே மணிக்கணக்கில் ஆகும். அதுவரை கப்பல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன், கனமான கயிற்றுக்குப் பதிலாகப் பியானோவில் பயன்படும் மெல்லிய எஃகுக் கம்பியைக் கொண்டு அளக்கும் இயந்திரத்தை 1872இல் செய்தார். வேகம் கூடியது. ஆனாலும் புள்ளி புள்ளிதான்.

கரையோரங்களில் அமெரிக்கர்கள் இன்னொரு வழியைக் கையாண்டார்கள். இரண்டு படகுகளுக்கு நடுவே ஒரு நீண்ட கம்பியைக் குறிப்பிட்ட ஆழத்தில் தொங்கவிட்டு இழுத்துக்கொண்டே போவார்கள். பாறை இருந்தால் கம்பி மாட்டிக்கொள்ளும். மாட்டவில்லையென்றால் அந்த ஆழம் வரை தடையில்லை என்று உறுதி. புள்ளிகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்ற கேள்விக்குக் கிடைத்த முதல் நேர்மையான பதில் இதுதான் எனலாம்.

கயிறு போய் ஒலி வந்தது

1912 ஏப்ரலில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. கண்ணுக்குத் தெரியாத பனிப்பாறையை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா என்று உலகமே கேட்டது. ஜெர்மனியில் அலெக்சாண்டர் பெம் ஒலியைக் கொண்டு முயன்றார். அவருடைய முறை பனிப்பாறையைவிடக் கடலின் ஆழத்தை அளக்கவே அதிகம் உதவியது. அமெரிக்காவில் பணியாற்றிய கனடாக்காரர் ரெஜினால்ட் ஃபெசன்டன் 1914 ஏப்ரலில் 'மயாமி' என்ற கப்பலில் தன் கருவியைச் சோதித்தார். பனிப்பாறையிலிருந்தும் எதிரொலி வந்தது, கடல்தரையிலிருந்தும் வந்தது.

இதன் கணக்கு பள்ளிக்கூட இயற்பியல்தான். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். ஒலி கீழே போய்த் திரும்பி வர ஆகும் நேரத்தை 1,500ஆல் பெருக்கி, இரண்டால் வகுத்தால் ஆழம் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்துக்கு ஐந்தரை நொடிகூட ஆகாது. கயிற்றுக்கு மணிக்கணக்கு, ஒலிக்கு நொடிக்கணக்கு! அதுவும் கப்பல் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்போதே.

பலன் உடனே தெரிந்தது. 1925 முதல் 1927 வரை தென் அட்லாண்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்த ஜெர்மனியின் 'மீட்டியோர்' கப்பல் 67,000க்கும் மேற்பட்ட அளவுகளை எடுத்தது. சேலஞ்சரின் 492 எங்கே, இது எங்கே! அட்லாண்டிக்கின் நடுவே இருப்பது வெறும் மேடு அல்ல, கரடுமுரடான மலைத்தொடர் என்பது அப்போது தெளிவானது.

கப்பல் ஏறாமல் கடலை வரைந்தவர்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, தொடர்ந்து ஆழத்தைப் பதிவு செய்யும் கருவிகள் வந்தன. நியூயார்க் அருகே லமான்ட் ஆய்வகத்தில் ப்ரூஸ் ஹீசன் கடலுக்குப் போய் அளவுகளைக் கொண்டுவருவார். மேரி தார்ப் என்ற பெண்மணி மேசையில் உட்கார்ந்து அவற்றை வரைபடமாக்குவார். ஏன் அவர் கடலுக்குப் போகவில்லை? அந்நாளில் அங்கே பெண்களைக் கப்பலில் ஏற்றுவதில்லை!

1952-53 வாக்கில் அட்லாண்டிக்கைக் கடந்த ஆறு பாதைகளின் அளவுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வரைந்தபோது, மலைத்தொடரின் உச்சியில் ஒவ்வொன்றிலும் ஒரு 'வி' வடிவப் பள்ளம் இருப்பதைத் தார்ப் கவனித்தார். கடல்தரை அங்கே இரண்டாகப் பிளந்து விலகுகிறது என்றார். கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்தை அன்றைய அறிஞர்கள் பலர் கேலி செய்துகொண்டிருந்த காலம். ஹீசனும் 'பெண்பிள்ளைப் பேச்சு' என்று ஒதுக்கிவிட்டார். ஆனால் பக்கத்து மேசையில் ஹோவர்ட் ஃபாஸ்டர் கடலடி நிலநடுக்கங்களைப் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு தாள்களையும் ஒப்பிட்டபோது நிலநடுக்கப் புள்ளிகள் அந்தப் பள்ளத்தை ஒட்டியே வரிசையாக விழுந்தன. ஹீசன் ஒப்புக்கொண்டார். பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ழாக் கூஸ்தோவும் முதலில் நம்பவில்லை. அவர் கடலுக்கடியில் கேமராவை இழுத்துச் சென்று எடுத்த படம் 1959இல் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. பள்ளம் திரையில் தெரிந்தது!

தார்ப், ஹீசன் இருவரின் வட அட்லாண்டிக் வரைபடம் 1957இல் வந்தது. துல்லியமான ஆழ எண்களைப் போர் ரகசியம் என்று அமெரிக்கக் கடற்படை வெளியிட அனுமதிக்காததால், மலைகளையும் பள்ளங்களையும் ஓவியம் போலத் தீட்டினார் தார்ப். அளவு கிடைக்காத இடங்களைப் பக்கத்து நிலத்தோற்றத்தை வைத்து ஊகித்து நிரப்பினார். 1977இல் வெளியான உலகக் கடல்தரை வரைபடமும் அப்படித்தான். மிக அழகான படம். அதிலும் அளந்ததும் ஊகித்ததும் ஒரே தூரிகையில்தான் இருந்தன.

ஒற்றை ஒலியிலிருந்து ஒலி விசிறிக்கு

ஒலிக்கருவியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒலி கீழே போகப் போக டார்ச் வெளிச்சம் போல விரிந்துகொண்டே போகும். 30 பாகை விரியும் ஒலி, 4,000 மீட்டர் ஆழத்தில் 2 கி.மீ.க்கும் அதிக அகலத்தில் விழும். அவ்வளவு பெரிய வட்டத்துக்கும் ஒரே ஓர் ஆழம்தான் பதிவாகும். கப்பல் போன கோட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது.

இதற்கான தீர்வு 1960களில் அமெரிக்கக் கடற்படையில் ரகசியமாக உருவானது. ஒரே ஒலிக்குப் பதிலாக, கப்பலின் இரு பக்கமும் விசிறி போல விரியும் பல குறுகிய ஒலிக்கற்றைகள். பொது ஆய்வுக்கு இது 1977இல் பிரான்சின் 'ழான் சார்கோ' கப்பலில் 'சீ பீம்' என்ற பெயரில் வந்தது. அதில் 16 கற்றைகள். இன்றைய கருவிகளில் நூற்றுக்கணக்கான கற்றைகள் இருக்கின்றன. ஒரு பாகை அகலமுள்ள கற்றை 4,000 மீட்டர் ஆழத்தில் சுமார் 70 மீட்டர் அகலத்தில்தான் விழும். கப்பல் போகும் வழியெல்லாம் புல் வெட்டும் இயந்திரம் போல ஒரு பட்டையை முழுசாக அளந்துகொண்டே போகலாம். புள்ளி கோடானது, கோடு பட்டையானது.

இதற்கு வேறு பல துணைகளும் தேவை. அலையில் கப்பல் ஆடினால் கற்றைகளும் ஆடும், அதை நொடிக்கு நொடி திருத்த வேண்டும். வெப்பமும் உப்பும் அழுத்தமும் மாறினால் ஒலியின் வேகம் மாறும், அதையும் அளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பல் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் பார்த்துக் கோணம் அளந்த காலம் போய், 1990களில் ஜிபிஎஸ் வந்த பிறகுதான் இது எளிதானது.

வானத்திலிருந்து கடலடி

கப்பலே போகாமல் கடலடியைப் பார்க்க முடியுமா? ஓரளவு முடியும். கடலடியில் ஒரு மலை இருந்தால் அதன் ஈர்ப்புவிசை சுற்றியுள்ள நீரைத் தன் பக்கம் இழுக்கும். 2,000 மீட்டர் உயர மலைக்கு மேலே கடல்மட்டம் ஏறத்தாழ 2 மீட்டர் உயர்ந்திருக்கும். பல கி.மீ. பரப்பில் மெல்ல உயர்வதால் கப்பலில் போகிறவருக்குத் தெரியாது. செயற்கைக்கோளின் ரேடாருக்குத் தெரியும்!

அமெரிக்கக் கடற்படையின் 'ஜியோசாட்' செயற்கைக்கோள் 1985இல் ஏவப்பட்டது. அதன் ரகசியத் தரவுகள் 1995இல் வெளியானதும், வால்டர் ஸ்மித், டேவிட் சான்ட்வெல் இருவரும் அதையும் கப்பல் அளவுகளையும் சேர்த்து 1997இல் உலகக் கடல்தரை வரைபடத்தை வெளியிட்டார்கள். இன்று இணைய வரைபடங்களில் நீலக்கடலுக்குள் தெரியும் மலைகளில் பெரும்பகுதி இந்த முறையில் கணித்தவைதான். ஆனால் இது மங்கலான பார்வை. சின்ன மலைகள் தப்பிவிடும், உயரமும் துல்லியமாக வராது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட 'ஸ்வாட்' செயற்கைக்கோள் இன்னும் கூர்மையாகப் பார்க்கிறது. அதுவும் கப்பலின் ஒலிக்கருவிக்கு ஈடாகாது.

2014 மார்ச் 8 அன்று மலேசிய விமானம் எம்எச்370 காணாமல் போனபோது இந்த மங்கல் எவ்வளவு பெரியது என்று உலகுக்குத் தெரிந்தது. தெற்கு இந்தியப் பெருங்கடலின் அந்தப் பகுதிக்குச் செயற்கைக்கோள் ஊகத்தைத் தவிரப் பெரிதாக வரைபடமே இல்லை. விமானத்தைத் தேடும் முன் கடல்தரையை முதலில் வரைய வேண்டியிருந்தது. 1,20,000 சதுர கி.மீ. பரப்பைத் தேடிவிட்டு 2017 ஜனவரியில் அந்தத் தேடலை நிறுத்தினார்கள். விமானம் கிடைக்கவில்லை. யாரும் அறியாத எரிமலைகளும் பள்ளத்தாக்குகளும் பழைய மூழ்கிய கப்பல்களும் கிடைத்தன.

கரையில் இருப்பவர்களுக்கு என்ன?

கடலடி வரைபடம் மாலுமிகளுக்கு மட்டுமான விஷயம் அல்ல. 2004 டிசம்பர் 26 அதைக் காட்டியது. சுனாமியின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம்தான். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கி.மீ. வேகம். 10 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் 36 கி.மீ.தான். ஆனால் வேகம் குறையும்போது அலை உயரும். அடித்தரையின் மேடுபள்ளம் அலையை வளைக்கும், ஓரிடத்தில் குவிக்கும், இன்னோரிடத்தில் சிதறடிக்கும். எந்த ஊருக்கு எப்போது எவ்வளவு உயர அலை வரும் என்று சொல்ல, கடலடி வரைபடம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

நிலநடுக்கம் நடந்த சில வாரங்களில் பிரிட்டனின் 'ஸ்காட்' கப்பல் சுமத்ராவுக்கு அருகே ஒலி விசிறியைக் கொண்டு அந்தத் தரையை அளந்தது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கியது. நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் இன்று எச்சரிக்கை வருகிறது என்றால், யாரோ கடலில் கோடு கோடாகப் போய் அளந்த எண்களும் அதற்குள் இருக்கின்றன.

இன்னும் எவ்வளவு மிச்சம்?

உலகக் கடல்தரை முழுவதையும் வரையும் திட்டத்தை மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் 1903இல் தொடங்கிவைத்தார். அதன் வாரிசாக 'சீபெட் 2030' திட்டம் 2017இல் அறிவிக்கப்பட்டது. அப்போது நவீன முறையில் அளந்த பரப்பு வெறும் 6 சதவீதம். 2025 ஜூன் கணக்கின்படி 27.3 சதவீதம். நல்ல வளர்ச்சிதான். ஆனாலும் கிட்டத்தட்ட முக்கால் பங்கு கடல்தரை இன்னும் ஊகம்தான்.

ஆழமற்ற கடலில் வேலை இன்னும் மெதுவாக நடக்கும். ஒலிப்பட்டையின் அகலம் ஆழத்தைப் பொறுத்தது. ஆழ்கடலில் ஒரே பயணத்தில் பத்துப் பன்னிரண்டு கி.மீ. அகலத்தை அளக்கும் கப்பல், 20 மீட்டர் ஆழத்தில் 60, 80 மீட்டரைத்தான் அளக்கும். கப்பல்கள் தட்டுவதோ அந்த ஆழமற்ற இடங்களில்தான். இதனால்தான் நாடுகள் இதற்கென்றே கப்பல் கட்டுகின்றன. இந்தியக் கடற்படையில் 2024 பிப்ரவரியில் சேர்ந்த புதிய 'சந்தாயக்' அப்படிப்பட்ட கப்பல்.

1992 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரம் 'குயீன் எலிசபெத் 2' என்ற சொகுசுக் கப்பல் பாறையில் தட்டியது. அது நடந்தது நடுக்கடலில் அல்ல. உலகின் மிக வசதியான நாடுகளில் ஒன்றின் வாசலில். வரைபடம் 39 அடி ஆழம் என்றது. அந்த எண் 1939ஆம் ஆண்டு அளவையிலிருந்து வந்தது. ஆழமற்ற நீரில் வேகமாகப் போகும் கப்பல் கூடுதலாக அமிழும் என்பதைக் கப்பலில் இருந்தவர்கள் சரியாகக் கணக்கிடவில்லை என்று விசாரணை சொன்னது. இரண்டும் சேர்ந்துதான் விபத்து.

சான் பிரான்சிஸ்கோவின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அந்த வரைபடம் 1989இல் தயாரானது. 1999இல் எடுத்த லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தில் ஏதோ இருப்பது தெரிந்திருந்தது. அது வரைபடத்துக்குள் வந்து சேரவில்லை. கப்பலில் இருந்த வேறு வரைபடங்களில் அருகே ஆபத்து இருக்கலாம் என்ற குறிப்பு இருந்தது. அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை என்று கடற்படை விசாரணை சொன்னது. வெள்ளையாக இருந்த இடத்தை ஆழமான இடம் என்று நம்பியதற்கு ஓர் உயிர் போனது.

அதனால்தான் இப்போது கடல் வரைபடங்களில் ஆழத்தோடு இன்னொரு தகவலும் தரப்படுகிறது. காகித வரைபடம் பலவற்றின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். எந்தப் பகுதியை எந்த ஆண்டு, எப்படி அளந்தார்கள் என்று அதில் போட்டிருக்கும். மின்னணு வரைபடத்தில் ஒவ்வொரு பகுதியையும் எவ்வளவு நம்பலாம் என்று தரம் பிரித்திருக்கும். ஒலி விசிறியால் முழுசாக அளந்த துறைமுக வாயிலுக்குப் பக்கத்திலேயே, ஈயக்குண்டுக் காலத்து எண்களோடு இருக்கும் பகுதிகளை இன்றும் பார்க்கலாம். நல்ல மாலுமி ஆழத்தைப் படிக்கும் முன் அந்தக் கட்டத்தைத்தான் படிப்பார்.